இரண்டாவது பொட்டலம்

போன வருஷம் ஆடி மாதத்தில் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் நான்கு படங்கள் அனுப்பினான். மாணவன் என்றால் பள்ளிக்கூடத்து மாணவன் இல்லை. திருவண்ணாமலையில் நான் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். கிளட்சை விடுங்கள் என்றால் ஸ்டியரிங்கை விடுகிற ஜனங்களோடு இருபது வருஷமாக மாரடிக்கிறேன். எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று ஊரில் பேச்சு. கோபம் கம்மியாக இருந்திருந்தால் என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேர் செங்கம் ரோட்டுப் புளியமரத்தில் ஏறியிருப்பார்கள்.

அவன் இப்போது மெக்கானிக். "சார், காண்டசா காரு ஒண்ணு வெலைக்கி வந்துருக்கு, கீழ்பென்னாத்தூர் பக்கம், ஒரு கொட்டாயில கெடக்குது, பாக்கறீங்களா?" என்று குரலும் அனுப்பியிருந்தான். முதல் படத்தில் வைக்கோல் தூசு. இரண்டாவதில் நீளமான மூக்கு. மூன்றாவதில் நம்பர் பிளேட். அந்த நம்பரைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். நான்காவது படத்தை நான் திறக்கவே இல்லை.

அது என் அண்ணனுடைய வண்டி. அவர் அதில்தான் இறந்துபோனார்.

வெளிநாட்டுப் படங்களில் காட்டுகிற முரட்டுக் கார்கள் எல்லாம் நம் ஊருக்கு வரவில்லை. நமக்கு வந்தது காண்டசா. அகலமான முதுகு, ரோட்டை அடைத்துக்கொண்டு வரும் முகம், ஆக்சிலேட்டரை மிதித்தால் அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல். தேரடிப் பக்கம் எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்த என் அண்ணன், சென்னையில் யாரோ விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. வாங்கலாம் என்பார். அடுத்த நிமிஷமே, "யானைய வாங்கிட்டு தீனிக்கு எங்கடா போறது?" என்பார். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் கடையில்தான் வேலை. அந்த வண்டி எங்கள் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று அவரைவிட நான்தான் வெறியாக இருந்தேன்.

எங்கள் வீட்டில் எதையும் முடிவு செய்ய முடியாவிட்டால் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். ஒரு தாளில் வெள்ளைப் பூ, இன்னொரு தாளில் சிவப்புப் பூ, இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும். அண்ணன் என்னைக் கட்டச் சொன்னார். "இவன் கை ராசியான கை" என்றார். நந்தியாவட்டையும் அரளியும் கையில் கொடுத்தார்.

நான் இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையைக் கட்டினேன்.

சும்மா ஒரு திருட்டுத்தனம், அவ்வளவுதான் என்று அன்றைக்கு நினைத்தேன். தெருமுனைப் பிள்ளையார் முன்னால் அண்ணி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். வெள்ளை. அண்ணன் சின்னப் பையன் மாதிரி கையைத் தட்டினார். மீதிப் பொட்டலத்தை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், கிணற்றுப் பக்கம் போகும்போது போட்டுவிடலாம் என்று. அப்புறம் போட்டேனா இல்லையா என்பதே எனக்கு நினைவில்லை. வண்டி வருகிற சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வண்டி வந்தது. ஒரு நாள்கூட எனக்கு ஓட்டக் கொடுக்கவில்லை, அது வேறு விஷயம். "நீ பிரேக்க மிதிக்கறது மாடு மிதிக்கற மாதிரி இருக்குதுடா" என்பார். ஏசி போட்டுக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, நெட்டைக் காலை நீட்டிக்கொண்டு, சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளி உட்கார்ந்து ஓட்டுவார். எட்டு மாதம் ஓட்டினார்.

அன்று பௌர்ணமி. கிரிவலப் பாதையில் அன்னதானப் பந்தல் ஒன்றுக்கு ட்யூப்லைட்டும் ஒயரும் கொடுத்துவரக் கிளம்பினார். சாயந்திரத்துக்குள் ரோட்டை மூடிவிடுவார்கள் என்று மத்தியானமே போனார். "நீயும் வாயேன், அப்படியே ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்று அண்ணியைக் கூப்பிட்டிருக்கிறார். அண்ணி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வார்டில் ஆள் கம்மி என்று டூட்டிக்குப் போய்விட்டார். திரும்பி வருகிற வழியில், அடி அண்ணாமலை தாண்டி, அண்ணன் வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறார். இண்டிகேட்டரைப் போட்டிருக்கிறார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது, கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. சீட்டில் சாய்ந்தபடியே நெஞ்சு நின்றுவிட்டது. முப்பத்தெட்டு வயது.

பௌர்ணமிக்கு எங்கள் ஊரில் டிரைவர்கள் வண்டியிலேயே தூங்குவார்கள். எங்கெங்கிருந்தோ ராத்திரி முழுக்க ஜனங்களை ஏற்றி வந்தவர்கள், பாவம், தூங்கட்டும் என்று யாரும் எழுப்ப மாட்டார்கள். கதவைக்கூடத் தட்ட மாட்டார்கள். அது எங்கள் ஊர் மரியாதை. அந்த மரியாதையோடுதான் அன்றைக்கு அத்தனை ஜனமும் அவரைத் தாண்டி நடந்துபோயிருக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்து, ரோட்டைக் காலி செய்ய வந்த போலீஸ்காரர், "யோவ், வண்டிய எடுய்யா" என்று கண்ணாடியைத் தட்டினார். அதற்கு முன்னால் ஒரு ஆள்கூடத் தட்டவில்லை.

நான் கணக்குப் போட்டுப் பார்க்காத நாள் இல்லை. அந்த வண்டி இல்லாவிட்டால் அண்ணன் ஷேர் ஆட்டோவில் போயிருப்பார். நெஞ்சு வலித்தால் பக்கத்தில் இருக்கிறவன் மேல் சாய்ந்திருப்பார். அவன், "யோவ், இன்னாய்யா?" என்று கத்தியிருப்பான். பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரிக்கு, அதுவும் அண்ணி நின்றுகொண்டிருந்த ஆஸ்பத்திரிக்கு, கொண்டுபோயிருப்பார்கள். சாமி அன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல நினைத்திருக்கலாம். சொல்ல நான் விடவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் பெண்டாட்டியிடம்கூட.

"அந்த வண்டிதான் என் புள்ளைய முழுங்கிடுச்சி" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் வண்டியைக் கைக்கு வந்த விலைக்குத் தள்ளிவிட்டோம். யார் வாங்கினார்கள், எந்த ஊர் என்றுகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் நெடுஞ்சாலையில் எங்கேயாவது ஒரு வெள்ளைக் காண்டசா எதிரே வந்தால் என் கால் தானாக பிரேக்கைத் தேடும். பக்கத்தில் ஓட்டிப் பழகுகிற ஆள் பயந்துபோய், "நான் இன்னா சார் தப்பு பண்ணேன்?" என்பார். நான் அவர் மேலேயே எரிந்துவிழுவேன்.

படத்தை யாரிடமும் காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன். என் பெண்டாட்டி போனை எடுத்துப் பார்த்துவிட்டாள். அவள் வாயில் ஒரு விஷயமும் நிற்காது. அடுத்த அரை மணியில் கீழ்வீட்டிலிருந்து அண்ணி மேலே ஏறி வந்துவிட்டார். அந்த வருஷம்தான் அவர் ரிடையர் ஆகியிருந்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை விரலால் பெரிசாக்கிப் பார்த்தார்.

"இது நம்ம வண்டிதானே தம்பி?"

"ஆமாங்க அண்ணி."

"இன்னும் இருக்குதா அது!" என்றார். எல்லாப் படத்தையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அப்புறம், "வாங்கிடலாமா?" என்றார்.

என் பெண்டாட்டி, "இன்னா அக்கா நீங்க! ஆள முழுங்கின வண்டிய திரும்ப வாசல்ல கொண்டாந்து நிறுத்தறதா? ஊரு சிரிக்காதா?" என்று குதித்தாள். "இவருக்கும் வேணாம்னுதான் இருக்கும், கேட்டுப் பாருங்க." எனக்கு அப்போது எது வேண்டும், எது வேண்டாம் என்று எதுவும் சொல்லத் தெரியவில்லை. போய்ப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

கீழ்பென்னாத்தூரைத் தாண்டி உள்ளே தள்ளி ஒரு நயினார் வீடு. பரம்பரையாக அங்கே நிலம் வைத்திருக்கிற ஜைனக் குடும்பம். மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவில், வேர்க்கடலைத் தோல் தூசு படிந்து வண்டி நின்றிருந்தது. அந்த வீட்டுக்காரர் நிதானமான மனிதர். "எங்க அப்பாதான் வாங்கனாரு, அவரும் நல்ல நெட்டை. வண்டிக் கதைய யாரோ சொல்லிட்டாங்க, எங்கம்மா ஏறவே மாட்டேன்னுட்டாங்க. அப்பாவும் அப்பால எடுக்கல" என்றார். மெக்கானிக் பையன் கீழே படுத்துப் பார்த்தான். தரைத் தகடு ஒரு பக்கம் துரு தின்றிருக்கிறது, ஒயரை எலி கடித்திருக்கிறது, என்ஜின் கல்லு மாதிரி இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும் என்றான். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். காலை நீட்டினேன். கிளட்ச் எட்டவில்லை.

சீட் கடைசி வரைக்கும் பின்னால் இருந்தது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. சீட் நகர்கிற தண்டவாளம் துருப்பிடித்து இறுகிவிட்டது என்றான் பையன். அண்ணனுக்குப் பிறகு ஒருத்தரும் அதை நகர்த்தவில்லை. அவர் தள்ளி வைத்த இடத்திலேயே அது இருந்தது. யாரோ உட்கார்ந்திருக்கிற மடியில் போய் உட்கார்ந்துவிட்டது போல வெடுக்கென்று எழுந்து வெளியே வந்தேன்.

அண்ணி பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து, உள்ளே ஏறாமல், சீட்டின் மேல் இருந்த தூசியைக் கையால் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார்.

திரும்பி வரும்போது என் காரில் அவர் சொன்னார்: "அன்னிக்கு நான் கூடப் போயிருக்கணும் தம்பி. எத்தினி பேரோட நெஞ்சுல கைய வச்சி அமுக்கி எழுப்பி வுட்ட கை இது. கூப்பிட்டாரு, நான் போவல. ஒரே ஒரு தடவ அந்தப் பக்கத்து சீட்டுல ஒக்காந்து, அந்த எடம் வரிக்கும் போயிட்டு வரணும். அதுக்குத்தான் கேக்கறேன். ஊரு இன்னா வேணா சொல்லட்டும்."

ரோட்டில் பைக்கில் போன ஒரு பாவப்பட்டவனைக் கண்டபடி திட்டினேன்.

மறுநாள் காலை அண்ணி என்னைக் கீழே கூப்பிட்டார். மேஜை மேல் ஒரு கிண்ணத்தில் நந்தியாவட்டை, ஒரு கிண்ணத்தில் சிவப்பு அரளி, நாலாக மடித்துக் கிழித்த இரண்டு தாள்.

"பூக்கட்டிப் பாத்துடலாம். நீயே கட்டு. உன் கைதானே ராசியான கை."

அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவர் குளிக்கப் போய்விட்டார். பூக்களும் நானும் தனியாக இருந்தோம். வெள்ளை வந்தால்? அந்தச் சீட்டில் அண்ணன் மடியில் உட்கார்ந்து நான் ஓட்ட வேண்டும், பக்கத்தில் அண்ணி இருப்பார். வழியில் இன்னொன்று நடந்தால்? ஒருத்தரைக் கொன்றது போதாதா என்று என் மனசே என்னைக் கேட்டது. ஒழுங்காக வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று கட்டிவிட்டுச் சாமியிடம் விடலாம்தான். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. பட்டும் புத்தி வராத ஜென்மம் நான். இரண்டு பொட்டலத்திலும் அரளியைக் கட்டினேன். இந்தத் தடவை நல்லதுக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மீதி இருந்த பூவில் ஒரு கொத்து நந்தியாவட்டையை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டேன், எண்ணிக்கை சரியாகத் தெரியட்டும் என்று. அந்த அளவுக்குத் தேர்ச்சி.

அதே தெருமுனைப் பிள்ளையார். இப்போது அவருக்கு டைல்ஸ் ஒட்டி, கிரில் கேட் போட்டிருக்கிறார்கள். அண்ணி கண்ணை மூடி, ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குப் பாரம் இறங்கியது போலவும் இருந்தது, அழுகை வருவது போலவும் இருந்தது.

"சரிங்க அண்ணி, வேணாம்னு வந்துடுச்சி. வாங்க போலாம்" என்று மற்றப் பொட்டலத்தை எடுக்கக் குனிந்தேன்.

அண்ணி எனக்கு முன்னால் எடுத்துவிட்டார். "அதைப் பிரிக்கக் கூடாதுங்க அண்ணி" என்றேன். அவர் பிரித்தார். சிவப்பு அரளி அவர் உள்ளங்கையில் விழுந்தது.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணி கத்தவில்லை.

"அன்னிக்கு ரெண்டும் வெள்ளை. இன்னிக்கு ரெண்டும் செவப்பு. சாமிய ஒரு தடவையாவது வாயத் தெறக்க வுட்டியா நீ?"

"உங்களுக்கு... எப்படி..."

"உன் சட்டைய அப்போ யாரு தொவைச்சது? ஊற வெக்கறப்ப பையில பொட்டலம் இருந்துச்சி. பிரிச்சேன். நந்தியாவட்டை." அவர் கோயில் படியில் உட்கார்ந்துகொண்டார். "அதுக்குள்ள அட்வான்ஸ் குடுத்துட்டு வந்து அவரு தலகீழா ஆடிக்கினு இருந்தாரு. சொல்லி இருக்கலாம். சொல்லல. ஏன் சொல்லலன்னு கேளு. எனக்கும் அந்தக் காருல ஏசி போட்டுக்கினு ஒக்கார ஆசை. அதான். நீ ஒருத்தன்தான் அந்தப் பாவத்த தூக்கிக்கினு திரியறேன்னு நெனச்சியா? இருவத்தஞ்சி வருஷமா நானும் உன்னை தெனம் பாத்துக்கினுதான் இருக்கேன். நீயா சொல்லுவன்னு பாத்தேன். உனக்கும் வாய் வரல, எனக்கும் வாய் வரல."

நான் அப்படியே அவர் காலடியில் படியில் உட்கார்ந்து அழுதேன். பட்டப்பகலில், பால் வாங்கப் போகிறவர்கள் பார்க்க, ஐம்பது வயதைத் தாண்டிய ஆள். என்னிடம் லைசென்ஸ் எடுத்த ஒரு அம்மா, "இன்னா சார் ஆச்சி?" என்று வண்டியை நிறுத்தினார். "ஒண்ணும் இல்ல, நீங்க ஹெல்மெட்ட மாட்டுங்க மொதல்ல" என்றேன். அண்ணிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"இப்ப ஒழுங்கா கட்டறேன் அண்ணி. வீட்டுல பூ இருக்குது" என்றேன்.

"வேணாம். இந்தப் புள்ளையாரு இன்னா சொன்னாலும் இனிமே எனக்கு ஒண்ணுதான். நீ சொல்லு. சாமி மேல போடாத. வாங்கலாமா, வேணாமா?"

என் வாழ்க்கையில் அப்படி ஒரு கேள்விக்கு நான் நேராகப் பதில் சொன்னதில்லை. "பயமா இருக்குதுங்க அண்ணி" என்றேன். "ஆனா வாங்கலாம்."

வாங்கினோம். காகிதங்களைப் புதுப்பித்து, துரு தின்ற தகட்டை மாற்றி, பையன் வண்டியை எழுப்ப இரண்டு மாதம் ஆயிற்று. சீட் தண்டவாளத்தை அறுத்துப் புதுசு வைக்கட்டுமா என்று கேட்டான். அண்ணி விடவில்லை. "அது அப்டியே இருக்கட்டும். நீ முதுகுக்கு தலகாணி வெச்சிக்கோ" என்றார். முதல் முதலாக அந்த வண்டியை நான் ஓட்டியது முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணையோடுதான். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் மாடு, மாடு என்று காதில் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் ஓட்டினேன்.

பௌர்ணமி இல்லாத ஒரு காலை நேரம். அடி அண்ணாமலை தாண்டியதும் அண்ணி, "இங்கதான்" என்றார். ஓரம் கட்டினேன். ஹேண்ட் பிரேக் போட்டேன். என்ஜினை நிறுத்தவில்லை. இண்டிகேட்டரைப் போட்டேன். ஏசி ஓடியது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. டிக் டிக் என்று அந்தச் சத்தம் மட்டும்தான். அண்ணி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கையின் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தார், நாடி பார்க்கிற மாதிரி. நான் எதுவும் கேட்கவில்லை. அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். வெளியே இரண்டு மூன்று பேர் நடந்துபோனார்கள், உள்ளே எட்டிப் பார்க்காமல். எனக்கு வேர்த்துக் கொட்டியது. தலையணைக்குப் பின்னால், சீட்டில், என்னைவிட நெட்டையான ஒருத்தர் சாய்ந்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றியது.

அண்ணி பக்கக் கண்ணாடியை யாரோ டொக் டொக் என்று தட்டினார்கள்.

இருவரும் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினோம். எதிரே இளநீர் விற்கிறவர், அரிவாளைக் கீழே வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்திருந்தார். நாங்கள் நின்று இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அண்ணி கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கினார்.

"இன்னாம்மா, வண்டி நின்னுபோச்சா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்லப்பா. சும்மாதான் நிறுத்தினோம்."

"இல்ல, இண்டிகேட்டரு எரிஞ்சிக்கினே இருந்துச்சி. யாரும் எறங்கல. அதான் இன்னான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் போய்விட்டார். அண்ணி என் மணிக்கட்டை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். "கேட்டுட்டுப் போலாம்னு வந்தானாம்" என்று விரலுக்குள்ளிருந்து சொன்னார். "கேட்டுட்டுப் போலாம்னு வந்தானாம், பாத்தியா தம்பி." அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, அன்றைக்கு ஆஸ்பத்திரியில்கூட அழாத அழுகையை அழுதார்.

அவர் ஓய்ந்ததும் இண்டிகேட்டரை நிறுத்தினேன். கியர் போட்டேன்.

"வெயில் அடிக்குதுங்க அண்ணி. கண்ணாடிய ஏத்திக்கோங்க, ஏசி ஓடுது."

"வேணாம்" என்றார். "எறக்கியே இருக்கட்டும்."